எச்எஃப்கியூ புரதம் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் மைக்ரோபயாலஜி படித்த அண்ணன், அக்கா யாராவது குழுவில் இருந்தால் கொஞ்சம் கை கொடுங்கள். லீவு முடிந்து போனதும் வகுப்பில் பாக்டீரியாவின் சிறு ஆர்என்ஏ பற்றி நான் பேச வேண்டும்.

புரிந்தவரை சொல்கிறேன். இரும்பு குறைந்தால் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, ஆர்ஒய்எச்பி என்று 90 எழுத்து அளவில் ஒரு குட்டி ஆர்என்ஏவை உண்டாக்குகிறது. அது இரும்பு கேட்கும் புரதங்களின் தூது ஆர்என்ஏவில் (புரதம் செய்யும் குறிப்பைச் சுமப்பது) போய் ஒட்டி, புரதம் செய்யும் ரைபோசோமை ஏறவிடாமல் தடுக்க, அப்புறம் ஆர்என்ஏவை வெட்டும் ஆர்என்ஏஸ் ஈ என்ற நொதி வந்து இரண்டையும் வெட்டிப்போடுகிறது. இருக்கிற இரும்பு மிச்சம், கெட்டிக்காரக் கிருமி! இரண்டையும் சேர்த்துவைக்கும் தரகர்தான் எச்எஃப்கியூ. 6 துண்டுகள் கூடிய வளையம், ஒரு முகத்தில் சிறு ஆர்என்ஏவின் யூ எழுத்து வால், மறுமுகத்தில் ஏ எழுத்து நிறைந்த தூது ஆர்என்ஏ. 1968-ல் பாக்டீரியாவைத் தாக்கும் கியூபீட்டா வைரஸ் ஆய்வில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்களாம்.

இதே புரதத்தின் துணையோடு டிஎஸ்ஆர்ஏ என்ற இன்னொரு சிறு ஆர்என்ஏ, ஆர்பிஓஎஸ் என்ற மரபணுவின் தூது ஆர்என்ஏவில் மடிந்து கிடக்கும் தலைப்பகுதியைத் திறந்துவிடுகிறது, அதாவது அங்கே உற்பத்தி கூடுகிறது. அதுவும் சரி. எனக்கு இடிப்பது இதுதான்: சோதனைக் குழாயில் எச்எஃப்கியூ ஆர்என்ஏவை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது, லேசில் விடாது. ஆனால் செல்லுக்குள் புதிதாக வந்த சிறு ஆர்என்ஏ ஓரிரு நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடுகிறதே, வளையத்தில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பழைய ஆர்என்ஏவை யார் தள்ளிவிடுகிறார்கள்? ஆர்என்ஏ கூட்டம் கூடினால் தானாகக் கழன்றுவிடுமா?

லிங்க் மட்டும் போடாமல் ஒரு படம் வரைந்து காட்டினால் புண்ணியம். சனிக்கிழமை பெக்கானில் (டவுனில்) சந்திக்கவும் தயார், தே தாரிக் டீ என் கணக்கு.