அத்தை வீட்டு ராஜராஜன் காசு

மூன்று வருஷம் முன்னால் கும்பகோணத்தில், கோயில் வாசலில் ஒருவரிடம் ஐந்து ராஜராஜன் செப்புக் காசு வாங்கினேன். மொத்தம் 1500 ரூபாய். "ஆத்து மணல்ல சலிச்சு எடுத்தது சார்" என்றார். காவிரி மணலில் பழங்காசு கிடைப்பது உண்மைதான் என்பதால் நம்பிவிட்டேன். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. திட்டுத் திட்டாகப் பச்சைக் களிம்பு வேறு.

மறுநாள் அத்தையிடம் காட்டினேன். "நம்ம சாமி ரூம்லயும் இது மாதிரி ஒண்ணு கெடக்கேடா" என்று சொம்பிலிருந்து எடுத்து வந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்த காசு. செக்கச்செவேலென்று இருந்தது. "இது டூப்ளிகேட் அத்தை" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தெரிந்த நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் ஆறு காசையும் கொண்டுபோனேன். அத்தையின் காசு 3.8 கிராம். ராஜராஜன் செப்புக் காசுகள் பெரும்பாலும் மூன்றிலிருந்து நாலரை கிராமுக்குள் இருக்கும். என்னுடையவை ஐந்தும் 5.2, 5.3 என்று ஒட்டி ஒட்டி நின்றன.

பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ஐந்தையும் வரிசையாக வைத்ததும் பத்தர்தான் கவனித்தார். அமர்ந்த உருவத்தின் தலைக்கு மேலே விளிம்பில் ஒரு சின்ன வெடிப்பு. ஐந்திலும் அதே இடம், அதே நீளம். சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்த காசுகளுக்கு அச்சு ஒன்றாக இருக்கலாம், ஆனால் விளிம்பு ஒரே மாதிரி வெடிக்காது. ஏதோ ஒரு அசல் காசை வைத்து வார்ப்பெடுத்து, செம்பை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். பக்கவாட்டில் அரம் வைத்து ராவிய கோடு தெரிந்தது. மேற்பரப்பில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகள். வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்ததும் களிம்பு பஞ்சோடு வந்துவிட்டது.

அத்தையின் காசு தேய்ந்திருந்த விதமே வேறு. மேடான முகமும் தோளும் வழவழவென்று மழுங்கியிருந்தன, பள்ளத்தில் எழுத்தோரம் இன்னும் கூர்மையாக இருந்தது. புளி எட்டாத அந்த இடுக்குகளில் கறுத்துப்போன பழைய களிம்பு கல்லாக உறைந்து கிடந்தது. போலியில் மேடும் பள்ளமும் ஒன்றுபோல மழுங்கல், ஊறிப்போன சோப்பு மாதிரி.

⁕

மேலே உள்ளதைப் படித்த இன்னொருவன் எழுதுகிறேன். எனக்கு நேர்மாறாக நடந்தது. 1808 என்று போட்ட, கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை உள்ள பத்துக் காசு நாணயம் ஒன்று வந்தது. வட்டம் அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் போலி என்று ஒதுக்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, சென்னை மாகாணத்துக்காக அவற்றை இங்கிலாந்தின் பர்மிங்காமில் சோஹோ நாணய ஆலையில் இயந்திரத்தில் அடித்தார்கள் என்று. அது அப்படித்தான் இருக்க வேண்டும்! அந்தக் காசுகளை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. 1980-களில் ஏராளமான காசுகளை வெளியே எடுத்தார்கள். கடலில் கிடந்ததால் மேல்பரப்பு பொரிந்துபோனவை அவற்றில் நிறைய உண்டு.

1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பதித்த ‘ஒரு அணா’ யாராவது காட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் அது "அரிசி இழுக்கும்" சக்தி உள்ள காசு என்று நம்பி இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு நின்றார்.

⁕

ராஜராஜன் காசு பற்றி முதலில் எழுதியவன்தான் மறுபடி எழுதுகிறேன். அந்த அரிசி வித்தையை நானும் நேரில் பார்த்திருக்கிறேன். செம்பு காந்தமாகாது, அரிசியையும் இழுக்காது. காசுக்குள் காந்தத்தை வைத்து, அரிசியில் இரும்புத்தூளைப் பூசிவிடுகிறார்கள்.

அத்தையிடம் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். காசு இப்போது பருத்தித் துணியில் சுற்றி சொம்புக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது. விளக்குக்கு மட்டும்தான் புளி.