நெறி கட்டாத கழுத்தில் எதற்கு ஆபரேஷன்? வாய்ப்புற்று நோயாளிக்கு என்ன சொல்லி அனுப்புவது?

உசிலம்பட்டி பல் டாக்டர்

வணக்கம். புகையிலையைக் கொடுப்பில் அதக்கிப் பழகியவர்கள் கன்னத்தின் உட்பக்கமோ கீழ் ஈறோ ஆறாத புண்ணோடு வருகிறார்கள். சதை டெஸ்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (வாயின் உள்தோலில் தொடங்கும் புற்று) என்று வந்ததும் மதுரைக்கு எழுதிக் கொடுக்கிறேன். அங்கே போனவர்கள் திரும்பி வந்து கேட்பது இதைத்தான்: "புண்ணு வாயில இருக்கு, கழுத்துல நெறி கூடக் கட்டல. பெறகு எதுக்கு டாக்டர் கழுத்தை அறுக்கணும்ங்கிறாங்க?" கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. இவர்களுக்கு எப்படி விளக்குவது? கிளினிக்கிலேயே கழுத்தைச் சரியாகத் தடவிப் பார்க்கும் முறையையும் சொல்லுங்கள்.

கழுத்து சர்ஜன், மதுரை

கைக்குத் தட்டுப்படவில்லை என்பதால் நெறியில் (நிணநீர்க் கணுவில்) நோய் இல்லை என்று ஆகிவிடாது. கழுத்து சுத்தமாகத் தெரியும் வாய்ப்புற்று நோயாளிகளில் சுமார் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு நெறிக்குள் புற்றுச் செல் ஏற்கெனவே குடியேறியிருக்கும். சில மில்லிமீட்டர் அளவே இருப்பதால் ஸ்கேனிலும் தப்பிவிடும்.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2015-ல் வெளியிட்ட ஆய்வை நோயாளியிடம் எளிமையாகச் சொல்லிவிடலாம். எல்லோருக்கும் தொடக்க நிலைப் புற்று, கழுத்தில் நெறி கிடையாது. புண்ணோடு கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுத்தவர்களில் 3 ஆண்டு முடிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நெறி வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட பிரிவில் 67.5 சதவீதம். காத்திருந்தவர்களுக்கு நெறி வெளியே தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது.

புண்ணின் அகலத்தை விட அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம். 4 மி.மீ.க்கு மேல் என்றால் கழுத்தையும் சேர்த்தே செய்வோம். நாக்கு என்றால் 3 மி.மீ.யிலேயே யோசிக்கத் தொடங்குவோம். வழக்கமாக எடுப்பது 1, 2, 3 லெவல்கள், அதாவது தாடைக்கு அடியிலிருந்து கழுத்தின் நடுப்பகுதி வரை. கன்னத்திலிருந்தும் கீழ் ஈறிலிருந்தும் நிணநீர் முதலில் வடிவது 1பி (தாடை எலும்புக்கு அடியில் பக்கவாட்டில்), பிறகு 2. நாக்குப் புற்று சில நேரம் மேலே உள்ளதைத் தாண்டி நேராக 3-க்கோ, கழுத்தின் கீழ்ப்பகுதியான 4-க்கோ போகும். புண் நடுக்கோட்டைத் தொட்டிருந்தால் இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும்.

தடவிப் பார்க்கும்போது நோயாளியின் பின்னால் நில்லுங்கள். தலையைப் பார்க்கும் பக்கமாகவே லேசாகச் சாய்த்தால் கழுத்துத் தசை தளரும். தாடைக்குக் கீழே ஏதாவது தட்டுப்பட்டால் ஒரு விரலை வாய்த்தரையில் வைத்து, மறு கையால் வெளியிலிருந்து அழுத்துங்கள். இரண்டு விரலுக்கும் நடுவில் சிக்கினால் பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பி. வெளியே மட்டும் தாடை எலும்பின் மேல் உருண்டால் நெறி. பல் சீழினால் வரும் நெறி வலிக்கும், மெத்தென்றிருக்கும், பல்லைக் கவனித்தால் இரண்டு வாரத்தில் வற்றும். கெட்டியாக, வலியில்லாமல், நகராமல் இருப்பதைச் சந்தேகப்படுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த நெறியை யாரும் தனியாக வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பாதீர்கள். உறை கிழிந்தால் செல்கள் சிதறும், தழும்பினால் அடுத்த ஆபரேஷனில் எல்லை தெரியாது. அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுத்தால் போதும். ஊசியாலும் வாய்ப்புண்ணில் எடுக்கும் சதை டெஸ்டாலும் நோய் பரவுவதில்லை, தாமதத்தில்தான் பரவுகிறது.

நுண்ணோக்கி (பெத்தாலஜி)

சதை டெஸ்ட் பற்றி டாக்டருக்கு ஒரு வார்த்தை. புண்ணின் நடுவே அழுகிய சதையை எடுத்து அனுப்பினால் செத்த செல்தான் தெரியும். ஓரத்தில், பக்கத்து நல்ல தோலும் சேர்ந்து வரும்படி எடுங்கள். புண் முழுவதையும் வழித்து எடுத்துவிட்டால் சர்ஜனுக்கு எல்லை தொலைந்துவிடும். 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப் போல் குறைந்தது 10 மடங்கு திரவம் இருக்கட்டும். சலைனில் போட்டு அனுப்பினால் திசு கெட்டுவிடும்.

ஆபரேஷன் ரிப்போர்ட் உங்களிடம் வந்தால் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். மொத்தம் எத்தனை நெறி கிடைத்தது (18-க்குக் குறைந்தால் முழுமையாக எடுக்கப்பட்டதா என்று கேட்கலாம்), எத்தனையில் நோய் இருக்கிறது, நெறியின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றையும் மாற்றும். உறை கிழிந்திருந்தால் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) மட்டும் போதாது. உடல் தாங்குமென்றால் அதோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும். 2018 முதல் உலகம் முழுவதும் பின்பற்றும் நிலைப் பிரிவிலும் (நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற வகைப்பாடு) இதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள்.

உசிலம்பட்டி பல் டாக்டர்

இருவருக்கும் நன்றி. கரண்ட் வைப்பதற்கு முன் ஆடும் பற்களை எப்போது எடுப்பது? ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்தவர்களிடம் என்ன பார்க்க வேண்டும்?

ரேடியேஷன் பிரிவு

காப்பாற்ற முடியாத பற்களை ஆபரேஷன் மேசையிலேயே எடுக்கச் சொல்லி உங்கள் சீட்டில் எழுதிவிடுங்கள். தவறினால் கரண்ட் தொடங்குவதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பு எடுத்து, குழி மூடியிருக்க வேண்டும். கரண்ட் வைத்த பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு செத்து, ஆறாத புண்ணாக நிற்கும். வருடங்கள் கழிந்தாலும் அந்த ஆபத்து போகாது.

ஆபரேஷனிலிருந்து 6 வாரத்துக்குள் கரண்ட் தொடங்கிவிட வேண்டும். வாரம் 5 நாள், மொத்தம் 30 முதல் 33 முறை, 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சின் அளவு). சித்திரைத் திருவிழா, குலசாமி கும்பிடு என்று நடுவில் விட்டுவிட்டால் மீதமிருக்கும் செல்கள் வேகமாகப் பெருகும். முன்பு கொடுத்ததன் பலன் குறைந்துபோகும். மதுரை பாலரெங்கபுரம் அரசு புற்றுநோய் மருத்துவமனைக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோக முடியாதவர்கள் அந்த ஆறேழு வாரம் மதுரையில் தங்க முன்பே ஏற்பாடு செய்யட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸில் முதலிலேயே பதிந்துவிட வேண்டும்.

ஊர் திரும்பியவர் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடிகிறதா பாருங்கள். தோளுக்குப் போகும் நரம்பு ஆபரேஷனில் இழுபட்டிருக்கும். சுவரில் விரலால் ஏறும் பயிற்சியைத் தினமும் செய்யாவிட்டால் மூட்டு இறுகிவிடும். வாய் எத்தனை விரல் திறக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள். மூன்று விரலிலிருந்து இரண்டாகக் குறைந்தால் காத்திருக்காமல் அனுப்புங்கள். முதல் வருடம் 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை அங்கே காட்டியாக வேண்டும். இடையில் உங்களிடம் வரும்போது ஆபரேஷன் செய்யாத பக்கத்துக் கழுத்தையும் தடவிப் பார்த்துவிடுங்கள், அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.