1972 ஃபோர்ட் எஃப்-100: தேய்ந்த 240க்குப் பதிலாக எந்த எஞ்சின்?

தெஹிவளைவாசி:

வணக்கம். எங்கள் குடும்பத்தில் நெடுங்காலமாக இருக்கும் 1972ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-100 பிக்கப்பின் 240 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் தேய்ந்து, ஒயில் குடிக்கத் தொடங்கிவிட்டது. மூன்று கியர் கொண்ட கியர்பொக்ஸ் நல்ல நிலையில் இருப்பதால் அதை மாற்ற விருப்பமில்லை. பஞ்சிகாவத்தை உதிரிப் பாகக் கடைகளில் விசாரித்தபோது ஒருவர் 300 கன அங்குல ஆறு சிலிண்டரைப் போடச் சொன்னார், இன்னொருவர் 302 வி8 (எட்டு சிலிண்டர்) என்றார், மூன்றாமவர் ஜப்பானிய டீசலைத் தவிர வேறெதையும் நினைக்கவே வேண்டாம் என்றார். வெட்டி ஒட்டும் வேலை குறைவாகவும், உதிரிப் பாகங்கள் பின்னாளிலும் கிடைக்கக்கூடியதாகவும் உள்ள வழி எதுவென அனுபவமுள்ளவர்கள் விளக்குவீர்களா?

கொட்டாஞ்சேனை கராஜ்:

ஐயா, என் தெரிவு தயக்கமின்றி 300 தான். 240உம் 300உம் ஒரே குடும்பத்தவை. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், பிஸ்டன் ஓடும் நீளம் மட்டுமே 3.18 அங்குலத்திலிருந்து 3.98 ஆக உயர்கிறது. கிராங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கனெக்டிங் ரொட், பிஸ்டன் ஆகியவை வேறுபட்டாலும் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், எஞ்சினைக் கியர்பொக்ஸுடன் இணைக்கும் பெல் ஹவுசிங், கியர்பொக்ஸ் எதையும் நீங்கள் தொட வேண்டியதில்லை. 300 எஞ்சின் 1996 வரை ஃபோர்ட் பிக்கப்புகளிலும் வான்களிலும் பொருத்தப்பட்டதால் அதன் கேஸ்கட், பெயாரிங், நீர்ப் பம்ப் முதலியவை அமெரிக்காவில் இன்றும் சாதாரணமாக விற்பனையாகின்றன. இங்கே அவற்றைத் தருவிக்கத்தான் வேண்டும் என்பதால், எந்தப் பாகம் அங்கே மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கிறது என்பதே, குதிரைவலுவைக் காட்டிலும் நமக்கு முக்கியம்.

உங்கள் பழைய 240இன் சிலிண்டர் ஹெட்டை எறிந்துவிடாதீர்கள். அது 300இன் மேல் அப்படியே பொருந்தும். ஆனால் அதன் எரியறை சிறியது என்பதால் அமுக்க விகிதம் உயரும், 92 ஒக்டேனில் எஞ்சின் தட்டக்கூடும். அந்த வழியில் போவதாயின் 95 ஒக்டேன் பெற்றோலைக் கணக்கில் வையுங்கள். கூடவே லேத் பட்டறையில் எக்ஸோஸ்ட் வால்வுகள் அமரும் இடத்தில் கடினப்படுத்திய சீட் (வளையம்) அடித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஈயம் கலந்த பெற்றோல் நம் நாட்டில் 2002இலேயே நின்றுவிட்டது, இந்த ஹெட்டோ வால்வு சீட் தேயாமல் காக்க ஈயத்தை நம்பி வார்க்கப்பட்ட காலத்தது. இந்த எஞ்சினில் டைமிங் செயின் கிடையாது, பற்சக்கரங்கள்தான். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பக்கச் சக்கரம் நாரிழையாலானது. வயதானால் பல் உதிரும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே உலோகத்தில் ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது.

வத்தளையான்:

302 வி8இலும் ஆசை வைக்கலாம், ஆனால் விவரம் தெரிந்து வையுங்கள். அதன் பெல் ஹவுசிங் துளைகள் உங்கள் ஆறு சிலிண்டருக்குப் பொருந்துபவையே. அதனால்தான் கடைக்காரர்கள் "அப்படியே இறங்கும்" என்கிறார்கள். இறங்காது. சட்டகத்தில் அமரும் மவுண்ட் வேறு, எக்ஸோஸ்ட் இரு பக்கமும் வருவதால் ஸ்டியரிங் பெட்டியருகே இடம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பிளைவீல், அதாவது கிராங்கின் பின்முனையில் கிளட்ச் அமரும் கனமான சக்கரம்: 1980களின் தொடக்கம் வரை வந்த 302க்கு 28 அவுன்ஸ்-அங்குலச் சமநிலை எடை, பின்னர் வந்தவற்றுக்கு 50. உங்கள் 240இன் பிளைவீலில் அந்த எடை இல்லை, அதை மாட்டினால் அதிர்வு பெயாரிங்கைத் தின்றுவிடும்.

வாங்கும்போது இன்னொரு குழப்பமும் உண்டு. 300, 302 இரண்டும் உண்மையில் ஏறக்குறைய 4.9 லீற்றர், ஆறு சிலிண்டரை 4.9 என்றும் வி8ஐ 5.0 என்றும் ஃபோர்ட் விற்றது. தொலைபேசியில் "4.9 இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எத்தனை சிலிண்டர் என்று கேட்டுவிட்டே பணம் அனுப்புங்கள்.

நுகேகொடை:

டீசலை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். எரிபொருள் செலவும் உதிரிப் பாகங்களும் நம்மூரில் அதன் பக்கம்தான். ஆயினும் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்க அடப்டர் தட்டு கடைய வேண்டும், மவுண்ட் புதிதாக ஒட்ட வேண்டும், டீசல் குறைந்த சுழற்சியில் ஓடுவதால் பின் அச்சின் விகிதத்தையும் மாற்ற வேண்டிவரும். எந்த எஞ்சின் போட்டாலும் புதிய எஞ்சின் இலக்கத்தை நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். டீசலாயின் எரிபொருள் வகையும் மாறுகிறது, எனவே வேலையைத் தொடங்குமுன் அங்கே கேட்டுவிடுங்கள்.

தெஹிவளைவாசி:

அனைவருக்கும் நன்றி. 300 என்றே முடிவெடுக்கிறேன். பழைய பிளைவீலை அதனுடன் பயன்படுத்தலாமா?

கொட்டாஞ்சேனை கராஜ்:

சாதாரண பிக்கப் 300 ஆயின் பயன்படுத்தலாம். கனரக லொறியிலிருந்து கழற்றியதாயின் அதற்கு ஃபோர்ஜ் செய்த கிராங்கும் தனிச் சமநிலையும் இருக்கக்கூடும். அப்போது அதனுடன் வரும் பிளைவீலையும், கிராங்கின் முன்முனையில் அதிர்வை அடக்கும் டாம்பரையும் பிரிக்காமல் சேர்த்தே வாங்குங்கள். கிளட்ச் தட்டின் விட்டத்தை அளந்த பிறகே புதியதற்கு ஓடர் கொடுங்கள்.