தலைப்பு இருக்கிறது, ஆய்வுச் சிக்கல் இல்லை: எப்படிக் குறுக்குவது?

கேள்வி:
வணக்கம். கோலாலம்பூரில் முதுகலை ஆய்வு. ‘தமிழ்ப்பள்ளி மாணவர்களின் வாசிப்புப் பழக்கம்’ என்று கொடுத்தேன். “இது தலைப்புதான், சிக்கல் எங்கே?” என்கிறார் மேற்பார்வையாளர். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
மூன்று வாக்கியம் எழுதிப் பாருங்கள்: இதுவரை தெரிந்தது, தெரியாதது, தெரியாததால் யாருக்கு என்ன இழப்பு. மூன்றாவதுதான் பெரும்பாலும் வராது. வராவிட்டால் சிக்கல் இன்னும் பிடிபடவில்லை. “பிள்ளைகள் படிப்பதில்லை” என்பது வெறும் குறை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் ரத்தானது. அதை ஒட்டி இப்படிக் கேட்கலாம்: ‘கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு ஆசிரியர்கள் பாடநூலுக்கு வெளியே உள்ள தமிழ் நூல்களை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?’ யார், எங்கே, எதை என்பதெல்லாம் அதிலேயே வந்துவிட்டது பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதில் ‘எப்படி’ என்ற சொல்லைக் கவனியுங்கள் தம்பி. அதையே ‘தேர்வு ரத்தானதன் தாக்கம் என்ன?’ என்று மாற்றினால் மாட்டிக்கொள்வீர்கள். 2021க்கு முந்தைய தரவு கையில் இல்லாமல் எதோடு ஒப்பிடுவது? ‘எப்படி’ என்றால் எட்டுப் பத்து நேர்காணலும் சில வகுப்பு உற்றுநோக்கலும் போதும்.
‘கைப்பேசி வாசிப்பை எவ்வளவு கெடுக்கிறது?’ போன்றவை வேண்டவே வேண்டாம். கெடுக்கிறது என்று கேள்வியே முடிவு கட்டிவிடுகிறது.

பதில் 3:
பள்ளிக்குள் போகக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும், அமைச்சின் இணைய விண்ணப்பத் தளமான இ-ராஸ் (eRAS) வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கேள்வி மாறினால் வினாநிரலும் மாறும். ஆகவே கேள்வியை உறுதி செய்த பிறகே அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. மூன்றாம் வாக்கியத்தில்தான் நிற்கிறேன். எழுதிவிட்டு இங்கேயே போடுகிறேன்.