நீலக்குறிஞ்சி பார்க்க 2030 வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

வைகைக்கரை:
2018-ல் மூணாறில் பூத்த சமயம் வெள்ளம் வந்து போக முடியவில்லை. அடுத்தது 2030 என்கிறார்கள். ஆனால் 2022-ல் சாந்தன்பாறை பக்கம் கள்ளிப்பாறையிலும், 2024-ல் ஊட்டி பக்கமும் பூத்ததாகப் படங்கள் வந்தனவே, அது வேறு செடியா? அம்மாவுக்கு ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும். விதை வாங்கி மதுரையில் மொட்டைமாடித் தொட்டியில் வளர்க்க முடியுமா?

சோலைக்குருவி:
அதே செடிதான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் கணக்கு ஒவ்வொரு மலைச்சரிவுக்கும் தனித்தனி. ஒரு சரிவில் ஒன்றாக முளைத்தவை ஒரே பருவத்தில் பூத்து, விதை விட்டு, கூட்டமாகவே காய்ந்து செத்துப்போகும். மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் அது 2006, 2018 என்று வந்ததால் அடுத்து 2030. இன்னொன்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி என்ற பெயரில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பூக்கும் கணக்கு வேறு. "குறிஞ்சி பூத்தாச்சு" என்று செய்தி வந்தால் எந்த இனம் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாடித்தோட்டம் வேண்டாம். 1300 முதல் 2400 மீட்டர் உயரத்தில், குளிரும் மூடுபனியும் இருக்கிற திறந்த புல்வெளியில் வாழ்கிற செடி அது, மதுரை வெயில் தாங்காது.

மேல்மலை:
அந்தப் புல்வெளிதான் இப்போது பிரச்சினை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அதை வெறும் தரிசு என்று நினைத்து, எங்கள் கொடைக்கானல் பக்கம் சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ், பைன் என்று நட்டுத் தள்ளிவிட்டார்கள், மற்ற இடத்தைத் தேயிலை எடுத்துக்கொண்டது. சீகை தானாகவே பரவும், அதன் நிழல் விழுந்த இடத்தில் புல்லும் இல்லை, குறிஞ்சியும் இல்லை. பூக்கிற வருஷம் மட்டும் கார் கட்டிக்கொண்டு வருகிறோம், மீதிப் பதினொரு வருஷம் அந்தச் சரிவுக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் ஆத்திரம். 2024-ல் இதை உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் அழிய வாய்ப்புள்ள இனமாகச் சேர்த்திருக்கிறார்கள். தயவுசெய்து பூவைப் பறிக்காதீர்கள், அந்தச் செடி விதை விடுவது ஆயுளில் ஒரே முறைதான்.

வைகைக்கரை:
நன்றி. விதை யோசனையை விட்டுவிட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி, மலை ஏற முடியாது. எந்த இடம் சரிப்படும்?

சோலைக்குருவி:
அப்படியென்றால் இரவிகுளத்தில் ராஜமலை. வனத்துறை வண்டியே மேலே கொண்டுபோய் விடும், பாதை ஓரத்திலேயே பார்க்கலாம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூக்கும், கூட்டம் அதிகம் என்பதால் நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்துவிடுங்கள்.