வயதான பூனை ராத்திரியெல்லாம் கூப்பிடுகிறதா? எதில் அடங்குகிறது என்று பாருங்கள்

பத்துப் பன்னிரண்டு வயது வரை தன் பாட்டுக்கு இருந்த பூனை திடீரென்று நம் காலையே சுற்றிக்கொண்டு வரும். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கத்தும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தின் நடுவில் நின்று அடிவயிற்றிலிருந்து ஓலமிடும். வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வயசாச்சு, செல்லம் கூடிப்போச்சு." இந்தப் பேச்சால்தான் வைத்தியம் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. வயதான பூனை தன் குணத்தைக் காரணமில்லாமல் மாற்றிக்கொள்ளாது. புதிதாக நம்மை ஒட்டிக்கொள்கிறது என்றால், தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அதன் கைமீறிப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதை நாங்கள் சிலர் சேர்ந்து, பகுதி பகுதியாக எழுதியிருக்கிறோம்.

ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். நாலு கட்டம் போதும்: மணி, இடம், சத்தம், எதில் அடங்கியது. அந்த நாலாவது கட்டம்தான் முக்கியம். சாப்பாடு வைத்தால் அடங்குகிறதா, விளக்குப் போட்டாலா, தூக்கி மேலே விட்டாலா, பக்கத்தில் போய்த் தொட்டாலா, அல்லது எதிலுமே அடங்கவில்லையா? இதை வைத்து நாமே நோயைச் சொல்லிவிட முடியாது. ஆனால் எந்தப் பரிசோதனையில் தொடங்கலாம் என்பதற்கு டாக்டருக்கு இதைவிட நல்ல துப்பு கிடைக்காது. கூடவே அரை நிமிட வீடியோ ஒன்று. ஆஸ்பத்திரி மேஜையில் ஏறியதும் பூனை வாயை மூடிக்கொள்ளும், வீட்டில் போட்ட கூச்சலை அங்கே காட்டாது.

இரண்டு அளவு கட்டாயம். ஒன்று எடை. நாம் பூனையோடு ஏறி நின்று கழித்துப் பார்க்கும் மெஷின் சரிப்படாது. கால் கிலோ வித்தியாசம் அதில் தப்பிவிடும். குழந்தை எடை மெஷின் அல்லது கடைகளில் வைத்திருக்கும் டிஜிட்டல் தராசு நல்லது. வாரம் ஒரு முறை, சாப்பிடுவதற்கு முன். 4 கிலோ பூனைக்கு 200 கிராம் குறைந்தால் அது உடம்பில் 5 சதவீதம். 60 கிலோ மனிதர் 3 கிலோ இளைத்ததற்குச் சமம். இரண்டாவது தண்ணீர். காலையில் 500 மில்லி அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரம் மீதியை அளக்க வேண்டும். ஆவியாகிப் போவதைக் கழிக்க, அதே மாதிரிக் கிண்ணம் ஒன்றில் அதே அளவு ஊற்றிப் பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல், அதாவது 4 கிலோ பூனை கிண்ணத்திலிருந்து மட்டும் 200 மில்லிக்கு மேல் குடித்தால், சிறுநீரகமா சர்க்கரையா தைராய்டா என்று பார்த்தே ஆக வேண்டும்.

*

சாப்பாட்டில் அடங்கும் பூனைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காலை ஐந்து மணிக்கே அடுப்படி வாசலில் நிற்கும். வைத்ததை ஒரு பருக்கை விடாமல் நக்கிவிட்டு அரை மணியில் திரும்ப வந்து கத்தும். மீன் நறுக்கும்போது கத்திக்குக் கீழேயே கையை நீட்டும். பார்ப்பவர்கள் "நல்லா சாப்பிடுது, தெம்பாத்தான் இருக்கு" என்பார்கள். முதுகில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். முதுகெலும்பின் முடிச்சு ஒவ்வொன்றாக விரலில் தட்டும். பசி கூடி எடை குறைந்தால் முதலில் நினைக்க வேண்டியது தைராய்டு அதிகமாகச் சுரப்பது. பத்து வயதைத் தாண்டிய பூனைகளுக்கு மிகவும் சகஜமான ஹார்மோன் நோய் இது. இதயம் படபடவென்று அடிக்கும், அடிக்கடி வாந்தி, ராத்திரி ஓயாத நடை, ஓலம். இருப்புக்கொள்ளாமல் தவிப்பதைத்தான் நாம் "கவனம் கேட்கிறது" என்று எடுத்துக்கொள்கிறோம்.

ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கூடவே வேறு நோய் இருந்தால் டி4 அளவு கீழே இழுபட்டு "நார்மல்" என்று வந்துவிடலாம். அறிகுறிகள் அப்படியே இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், அல்லது ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4) பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து மெத்திமசோல் அல்லது கார்பிமசோல். அளவு டாக்டர் சொல்வதுதான். மனிதர்களுக்கு எழுதிய சீட்டைப் பார்த்து வீட்டில் கணக்குப் போடாதீர்கள். ஆரம்பித்து இரண்டு முதல் நாலு வாரத்தில் மறு ரத்தப் பரிசோதனை. அப்போது கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சேர்த்துப் பார்ப்பது ஏன் என்றால், தைராய்டு அதிகமாக இருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் கூடுதலாகப் போய், அங்கே இருக்கும் பழுதை மறைத்துவிடும். தைராய்டு சரியானதும் அது வெளியே தெரியும். மருந்துதான் கிட்னியைக் கெடுத்தது என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பழுது ஏற்கெனவே இருந்ததுதான். முதல் மூன்று மாதத்தில் வாந்தி, சாப்பிடாமை, முகத்தைப் பிறாண்டிக்கொள்வது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது, உடைக்கவும் கூடாது.

*

விளக்குப் போட்டதும் அடங்கும் பூனை, அல்லது எதிலுமே அடங்காத பூனை என்றால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பிபி பார்க்கச் சொல்லுங்கள்.

பூனைக்கு ரத்த அழுத்தம் ஏறுவதே பலருக்குப் புதுச் செய்தி. சிறுநீரகக் கோளாறோடும் தைராய்டோடும் கைகோத்து வரும். மேல் அளவு 140க்குள் இருந்தால் நிம்மதி. 160க்கு மேல் நின்றால் மருந்து. 180க்கு மேல் போனால் கண், மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஆபத்து. விழித்திரை கழன்று ஒரே ராத்திரியில் பார்வை போய்விடலாம். பகல் வெளிச்சத்திலும் கருவிழி சுருங்காமல் கறுப்புக் கோலிக்குண்டு மாதிரி விரிந்தே இருக்கும். நடக்கும்போது நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டு நின்று கத்தும். அன்றைக்கே மருந்து ஆரம்பித்தால் சிலவற்றுக்குப் பார்வை ஓரளவு திரும்புவதுண்டு. அதனால்தான் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது இதில் கூடாது.

அளக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். பயத்திலேயே பூனைக்கு அழுத்தம் ஏறிவிடும். எனவே அமைதியான அறையில் ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஊசி, தெர்மாமீட்டர் எல்லாவற்றுக்கும் முன்னால் இதை எடுக்க வேண்டும். அளப்பதற்குக் காலில் சுற்றும் பட்டையின் அகலம் அந்தக் காலின் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம். சின்னப் பட்டை போட்டால் அளவு பொய்யாக ஏறும். முதல் அளவை விட்டுவிட்டு, அடுத்த ஐந்தாறு அளவின் சராசரிதான் கணக்கு. ஒரே தடவை எடுத்து "175" என்றால் திரும்ப எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வழக்கமான மருந்து அம்லோடிபின். பூனைக்குப் பொதுவாக ஆரம்பிக்கும் அளவு 0.625 மில்லிகிராம், நாளைக்கு ஒரு வேளை, 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் இதெல்லாம். கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று பொடியாகவும் போகும். மருந்துக்கடையில் மாத்திரை வெட்டும் டப்பா கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாத்திரையை மட்டும் வெட்டுங்கள், மொத்தமாக வெட்டி வைத்தால் ஈரக் காற்றில் உதிரும்.

*

முதலில் எழுதியவர் "தூக்கி மேலே விட்டால்" என்று ஒரு வரியில் சொன்னதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பார்க்கும். பின்பக்கத்தை ஆட்டித் தாவத் தயாராகும். தாவாது. உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு கத்தல். தூக்கி விட்டதும் இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்துவிடும். இதைக் கொஞ்சல் என்று நினைக்கிறோம். அது உதவி கேட்கிறது. 2002இல் வட கரோலைனாவில் 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்ததில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு தெரிந்தது. நொண்டும் பூனை குறைவு, ஏனென்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து தேய்வதால் நொண்ட நல்ல கால் இல்லை. தாவும் உயரம் குறைவதையும், இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடிப்பதையும்தான் பார்க்க வேண்டும். நகத்தையும் பாருங்கள்: பிறாண்டுவது குறைந்து, தடித்து வளைந்து பாதச் சதைக்குள்ளேயே குத்தி நிற்கும். அந்த ஒரு நகத்துக்காக மாதக்கணக்கில் கத்தும் பூனைகள் உண்டு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நுனியை வெட்டிவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் 15 சென்டிமீட்டர் உயரப் படிகள். ஆடாத மரப்பெட்டி போதும். டைல்ஸ் தரையில் அது நடக்கும் பாதையில் கோணியோ ரப்பர் அடியுள்ள மிதியடியோ. மணல் தட்டின் ஒரு பக்கத்தை 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள். தட்டைத் தாண்டி ஏறவே வலித்தால் பக்கத்திலேயே இருந்துவிடும், அதற்குத் திட்டும் வாங்கும்.

வலி என்று தெரிந்ததும் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். கால் மாத்திரையே பூனையைக் கொல்லும். அதை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. ஈறு சாக்லேட் நிறமாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் ஓடுங்கள். மூட்டு வலிக்கென்றே மாதம் ஒரு முறை போடும் ஃப்ருனெவெட்மாப் ஊசி அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்றது. உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மணல் தட்டில் உட்கார்ந்துகொண்டே கத்தும் பூனை தனிக் கணக்கு. இரண்டு நாள் மலம் போகவில்லை என்றால் காட்டுங்கள். ஆண் பூனை முக்கி முக்கிச் சொட்டு மூத்திரம்கூட வரவில்லை என்றால் அந்த மணி நேரமே கிளம்புங்கள்.

*

இதெல்லாம் பார்த்து, ரத்தமும் மூத்திரமும் பிபியும் சரியாக இருந்து, அப்புறமும் கூப்பிடுகிறது என்றால்தான் மூளைத் தேய்வு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எடின்பரோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் இதன் அறிகுறிகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து எட்டு முதலெழுத்தைக் கோத்து 'விஷ்டால்' (VISHDAAL) என்கிறார்கள்: கத்தல், பழகும் விதம் மாறுதல், தூக்கம் புரளுதல், கண்ட இடத்தில் கழித்தல், திசை தடுமாறுதல், நடமாட்டம் மாறுதல், பதற்றம், கற்றதை மறத்தல். பழகும் விதம் மாறுவதில்தான் இந்த ஒட்டிக்கொள்ளுதல் வருகிறது. 11 முதல் 14 வயதுப் பூனைகளில் நாலில் ஒன்றுக்கும் கொஞ்சம் மேல், 15க்கு மேல் பாதிப் பூனைகளுக்கு இதில் ஏதாவது ஒன்று தெரிவதாக ஆய்வு.

சுவரைப் பார்த்தபடி நிற்கும். கதவில் கீல் இருக்கும் பக்கம் போய்த் திறக்கக் காத்திருக்கும். சாப்பிட்டு முடித்த கிண்ணத்துக்கு முன்னாலேயே நின்று "இன்னும் போடவில்லை" என்று கூப்பிடும். இந்தப் பூனையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக நிறுத்தும் என்ற யோசனை செல்லாது. குட்டிக்கும் இளசுக்கும் அது சரி. அவை கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொண்டு கத்துபவை. இது வழி தெரியாமல் கத்துகிறது. பதில் கொடுங்கள். ஆனால் கத்தியதும் தட்டை நீட்டாதீர்கள். குரல் கொடுத்து, தொட்டு, படுக்கைக்குக் கூட்டிப்போய் விடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி மூன்று மணிச் சாப்பாடு என்று இன்னொரு பழக்கம் சேர்ந்துகொள்ளும்.

ராத்திரிக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்குப் பத்து நிமிடம் தரையிலேயே கயிறு இழுத்து விளையாட்டு, பத்தரைக்குக் கடைசிச் சாப்பாடு, கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி. வயதானால் மூக்கு மந்தமாகும், சூட்டில் மணம் எழும்பும். நடைவழியில் சின்ன இரவு விளக்கு. படுக்கை, தண்ணீர், மணல் தட்டு மூன்றும் ஒரே அறையில். முற்றிய நிலையில் சோபாவைக்கூட இடம் மாற்றாதீர்கள்; ஆரம்ப நிலையில் மட்டும் புது விளையாட்டு, புது மறைவிடம் நல்லது.

மூளைக்கு என்று நாய்களுக்கு விற்கும் சத்து மாத்திரைகளில் ஆல்ஃபா லிபோயிக் அமிலம் இருக்கலாம். பூனைக்கு அது விஷம். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

*

காது பற்றி யாரும் எழுதவில்லை, சுருக்கமாகச் சேர்க்கிறேன். தொட்டதும் அடங்கும் பூனைகளில் பல சும்மா செவிடானவை. தன் குரலே தனக்குக் கேட்காததால் சத்தம் இரட்டிப்பாகும். நீங்கள் அடுத்த அறையில் இருப்பதும் தெரியாது, வீடே காலி என்று தோன்றும். தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்ட வேண்டாம், காற்றும் தரை அதிர்வும் சொல்லிக்கொடுத்துவிடும். காது மடல் திரும்பவில்லை என்றால் கேட்கவில்லை. முதலில் காதுக்குள் அழுக்கோ சீழோ இருக்கிறதா என்று காட்டிவிடுங்கள். அதன் பிறகு தூங்கும் பூனையைத் திடீரென்று தொடக் கூடாது. படுக்கைக்குப் பக்கத்தில் தரையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, கண்ணைத் திறந்ததும் தொடுங்கள். ராத்திரி கூப்பிட்டால் வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. விளக்கை ஒரு முறை போட்டு அணையுங்கள், தரையில் அதே இரண்டு தட்டு. சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் இதையே செய்து வந்தால் தட்டலின் அர்த்தம் அதற்குப் பிடிபட்டுவிடும். அதிர்வு வரும் பக்கம் தானே நடந்து வரும்.