புதுப்பிப்பு: வெரிகோசீலுக்கு எம்போலைசேஷன் செய்துகொண்டேன்

இடது பக்கம் வெரிகோசீல் (விதைப்பையில் சிரைகள் வீங்குவது), விந்தணு எண்ணிக்கையும் குறைவு, ஆபரேஷனா எம்போலைசேஷனா என்று முன்பு கேட்டிருந்தேன். எம்போலைசேஷன்தான் செய்துகொண்டேன். கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்தபடியே வீங்கிய சிரையைச் சின்ன உலோகச் சுருள்களால் அடைத்தார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். தையல் கிடையாது, அன்று மாலையே வீடு. அப்புறம் சில நாள் மந்தமான வலி இருந்தது.

“ரிசல்ட் எப்போது?” என்று கேட்டவர்களுக்கு: விந்தணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் ஆகும். சிகிச்சை முடிந்து 3 மாதம் ஆவதற்குள் விந்து டெஸ்ட் எடுப்பது காசுக்குக் கேடு. எனக்கு எண்ணிக்கை கூடியிருக்கிறது, அசைவு இன்னும் சுமார்தான். மனைவிக்கும் பரிசோதனைகள் முடிந்துவிட்டன. அவருக்கும் பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டர் முதலிலேயே கேட்டார், சரியாகத்தான் கேட்டார். மறுபடி வீங்கும் வாய்ப்பு கொஞ்சம் உண்டாம். அடுத்த டெஸ்ட் சிகிச்சை முடிந்த 6ஆம் மாதம்.